அம்மாவின் பழைய ரத்தம்

2025 ஜூன் 9, திங்கள்

இன்று இரண்டாம் ஷெட்டில் ரத்தப் பரிசோதனை. விடிந்ததுமே ஆரம்பித்துவிட்டோம், வெயில் ஏறினால் கோழிகள் இரைக்கும். வெள்ளைத் தட்டில் ஊதா மருந்து ஒரு சொட்டு. கோழியின் சிறகுக்கு அடியில் குத்தி எடுத்த ரத்தம் ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து தட்டை மெல்ல ஆட்ட வேண்டும். ரத்தம் வழவழவென்று இருந்தால் கோழி திரும்ப உள்ளே போகலாம். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் பிரிந்தால் காலில் சிவப்பு வளையத்தை மாட்டி வெளியே எடுத்துவிடுவோம். நம்முடையது தாய்க்கோழிப் பண்ணை, முட்டைகள் குஞ்சு பொரிக்கப் போகின்றன. இந்தச் சீக்கு முட்டை வழியாகக் குஞ்சுக்கும் இறங்கும் என்பதால் இதில் இரக்கம் பார்க்க முடியாது.

மூன்று கோழிகள் மாட்டின. மூன்றுக்கும் கொண்டை சிவந்து, இறகு மினுமினுத்து, பார்க்க அத்தனை ஜோர். ஒன்று காலையில்தான் முட்டை வைத்திருந்தது. எத்தனையோ வருஷமாகச் செய்கிறேன், இன்னும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை. கோழிக்கே தெரியாத சங்கதி அதன் ரத்தத்துக்குத் தெரிந்திருக்கிறது!

அம்மாவும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். மறதி நோய் வந்து ஐந்து வருஷமாகிறது, என் பெயர் போய்விட்டது, ஆனால் கோழியைப் பிடிக்கிற கை போகவில்லை. மூன்றில் ஒன்றை மடியில் கவிழ்த்து, வாலுக்குக் கீழே இடுப்பெலும்பின் இடைவெளியை விரலால் அளந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "இது முட்ட வெக்கற கோளிங்க. இதைய உட்டுருங்க." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏனுங்க அம்மணி, நீங்க எந்தூருங்க? கை நல்லாப் பழகியிருக்குது."

"பக்கத்தூருங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஜூன் 11, புதன்

அம்மா இன்று என்னைக் கண்டுகொண்டாள். காப்பி ஆறும் வரை.

ஜூன் 20, வெள்ளி

கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டர் பெண் போன் செய்தாள். பெயர் ரம்ஷா. பேச்சில் மரியாதை வழிகிறது, வாக்கியத்துக்கு இரண்டு 'ங்க'. 2010இல் பல்லடத்துக் கல்யாண மண்டபத்தில் அவர்கள் ஆஸ்பத்திரி இருதய முகாம் போட்டார்களாம், ராசாத்தாள் என்று ஓர் அம்மா ரத்தம் கொடுத்திருக்கிறாராம், அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள்.

எனக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரத்தம் கொடுத்தவர்களுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். அம்மாவுக்கு வந்ததில் மூடி சேரவில்லை. "ரத்தத்தை நான் குறைச்சா குடுத்தேன், மூடிய மட்டும் நீங்க மாத்திக் குடுக்கறீங்க?" என்று நின்று சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்தாள். இன்றைக்கும் தடுப்பூசிப் பாட்டில்களை அந்த டப்பாவில்தான் வைக்கிறேன்.

அம்மாவுக்கு மறதி நோய் என்றேன். "அம்மா குடுத்த ரத்தம் இன்னும் எங்ககிட்ட இருக்குதுங்க" என்றாள்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தின ரத்தம். இருக்குதாம்!

ஜூலை 2, புதன்

ஆர்.எஸ்.புரம் போய் வந்தோம், நானும் இவரும். அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடம் ஒரு நகைக்கடைக்குப் பின்னால் சின்னக் கட்டடம். ரம்ஷாவுக்கு முப்பது முப்பத்தொன்று இருக்கும். உக்கடத்துப் பெண். அவள் அத்தா ரசாக் அங்கே தராசு, எடைக்கல் வியாபாரமாம். "எங்க ஊட்டுல எல்லாரும் எடை போடறவங்கதானுங்க, நான் மட்டும் கொஞ்சம் சின்னதா எடை போடறேன்" என்று சிரித்தாள்.

எவ்வளவு சின்னது என்று கேட்டேன். "உக்கடம் பெரியகொளத்துல ஒரு கரண்டி உப்பைக் கொட்டிக் கலக்கிட்டு, இன்னொரு கரையில ஒரு டம்ளர் மொண்டு, உப்பு கலந்திருக்குதுன்னு சொல்றாப்பலீங்க." எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. இவர் மட்டும், "அந்தக் கொளத்துத் தண்ணில உப்பு ஒண்ணுதான் இல்ல அம்மணி, மித்ததெல்லாம் இருக்குது" என்றார். இவருக்கு எங்கே போனாலும் இதுதான் வேலை.

நான் புரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன். மூளைக்குள் செல்கள் சங்கடப்படும்போது அதிலிருந்து சில புரதங்கள் கசிந்து ரத்தத்தில் வந்து சேர்கின்றன. டாவ் என்று ஒன்று, இன்னும் சில, பெயர் வாயில் நுழையவில்லை. மறதி வெளியே தெரிவதற்குப் பத்து வருஷம் முன்னால், சிலருக்கு அதற்கும் வெகு முன்னாலேயே, இவை ஏற ஆரம்பிக்கின்றன. ஆள் நன்றாக இருப்பார். கணக்குப் பார்ப்பார், கல்யாணம் நடத்துவார், சண்டை போடுவார். ரத்தம் மட்டும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும். இதை உலகத்தில் பல இடங்களில் ஆயிரக்கணக்கான பேருடைய பழைய ரத்தத்தை எடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவருகிறார்கள். கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர்களுக்கும் அதே மாதிரிதானா என்று பார்ப்பது ரம்ஷாவின் வேலை.

பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து காட்டினாள். கையில் நீல உறை, முகத்துக்குக் கண்ணாடி. திறந்ததும் வெண்புகை குபுகுபுவென்று தரையில் இறங்கியது. உள்ளே தட்டுத் தட்டாகக் குட்டிக் குழாய்கள். ஒன்றை இடுக்கியால் தூக்கி ஒரு நொடி காட்டினாள். என் சுண்டு விரல் நுனி அளவு, சிவப்பைப் பிரித்தெடுத்த மிச்ச ரத்தம் வெளிறிய மஞ்சளாக உறைந்திருந்தது, மேலே உறைபனி. "இதுதாங்க அம்மா."

டிபன் பாக்ஸ் மூடிக்குச் சண்டை போட்ட அம்மா. என் பெயர் தெரிந்த அம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. கும்பிடலாமா என்றுகூடக் கை எழுந்தது, இவர் பக்கத்தில் இருந்ததால் அடக்கிக்கொண்டேன்.

அம்மாவின் குழாயில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, இன்னும் மெஷினில் ஏற்றவில்லை, வரிசை இருக்கிறது என்றாள். மறதி வந்தவர்களின் பிள்ளைகளிடமும் ரத்தம் எடுக்கிறார்கள். நான் கொடுத்தேன். முடிவைச் சொல்லவா வேண்டாமா என்று மூன்று தடவை கேட்டாள். "அறிகுறி இல்லாதவங்களுக்கு இதைய நாங்க சும்மா சொல்றதில்லீங்க. இந்த ஆய்வுல கேக்கறவங்களுக்கு மட்டுந்தான். தெரிஞ்சாத் திரும்ப மறக்க முடியாதுங்க. ஊட்டுக்குப் போயி யோசிச்சுக்கூடச் சொல்லுங்க." யோசிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள் என்றேன்.

இவர் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "நான் கண்ணாலத்தன்னிக்கே தாலிய ஊட்டுல வெச்சுப்போட்டு மணவறைக்கு வந்தவன். எனக்கெதுக்கு டெஸ்ட்டு?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. லோகு கோயமுத்தூரிலிருந்து வந்திருந்தாள். அம்மா அவளை 'கலா' என்று கூப்பிட்டாள். என் பெயர்! பொறாமையாக இருந்தது. என் மகளைப் பார்த்தே பொறாமை.

செப்டம்பர் 4, வியாழன்

வந்துவிட்டது. எனக்கு அதிகம்.

ரம்ஷா எதிரில் உட்கார வைத்து நிதானமாகத்தான் சொன்னாள். என் வயதுக்காரர்களில் மேல்பக்கத்தில் இருக்கிறேன். "இது ஜோசியமில்லீங்க. உங்களுக்கு வந்திருச்சுன்னும் அர்த்தமில்ல. உங்க அளவுல இருக்கறவங்கள்ல கொஞ்சப் பேருக்குப் பின்னாடி வருது, நெறையப் பேருக்கு வராமயே போயிருது. நீங்க எந்தப் பக்கம்னு சொல்ற மெஷின் என்கிட்ட இல்லீங்க." ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், காது கேட்பது மந்தமாக இருக்கிறதே பரிசோதியுங்கள் என்று என்னென்னமோ சொன்னாள். கோழிச் சத்தத்திலும் ஃபேன் இரைச்சலிலும் இத்தனை வருஷம் நின்றவளுக்குக் காது மந்தமாகாமல் என்ன செய்யும்?

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனசுக்குள் ஓடினது ஒன்றுதான். வெள்ளைத் தட்டு. ஊதா மருந்து. கட்டி கட்டியா.

பஸ்ஸில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒரு வேடிக்கைகூடப் பேசவில்லை. அதுதான் பயமா இருந்துச்சு.

செப்டம்பர் 5, வெள்ளி

கொஞ்சப் பேருக்கு வரும், நிறையப் பேருக்கு வராது — இப்படிச் சொன்னால் பண்ணையில் என்ன செய்வோம்? எந்தக் கோழி எந்தப் பக்கம் என்று வைத்துப் பார்த்துக்கொண்டா இருப்போம்? ஆயிரத்துக்கு இத்தனை போனால் தாங்கும், இத்தனை போனால் தாங்காது, அவ்வளவுதான் கணக்கு. சந்தேகமா, வளையத்தை மாட்டு, எடு. நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் லோகு. முட்டை வழியாகக் குஞ்சுக்கு. இதை எழுதவே கை கூசுது. சாமி, எம்புள்ளைக்கு வேண்டாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் ஷெட் பெட்டைகளுக்கு அடுத்த மாதத்தோடு வயது முடிகிறது. முதல் ஷெட் ஏற்கெனவே காலி. கார்த்திகையில் இறங்கவேண்டிய புதுக் குஞ்சு வேண்டாம். ஒரு தாய்க்கோழிக் கூட்டத்தை இறக்கினால் ஒன்றரை வருஷம் கூடவே நிற்க வேண்டும். தடுப்பூசி எந்த நாள், விளக்கு எத்தனை நேரம், தீனி எத்தனை கிராம், ஒன்று தப்பினாலும் போச்சு. தப்பப்போகிற தலையை நம்பி ஆயிரக்கணக்கான உயிரை இறக்கக் கூடாது. ஷெட்டுகளை ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம்.

குஞ்சுப் பண்ணை மேனேஜர் லட்சுமிநாராயணனைக் கூப்பிட்டு புக்கிங்கை ரத்து செய்யச் சொன்னேன். "ஏனுங்கம்மா, நாங்க எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டமுங்களா?" என்று பதறினார். இல்லை, ஓய்வு எடுக்கலாமென்று பார்க்கிறேன் என்றேன். "உங்களுக்கா? ஓய்வா?" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

இவர் தறிக்குடோனிலிருந்து சாப்பிட வந்தபோது சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "உங்கம்மா பண்ணை. நீ பாத்துச் செய்யறது. ஆனா ஒண்ணு புள்ள, இன்னும் எதுவும் ஆகலியே?" என்றார். ஆகும் முன்னால் எடுப்பதற்குத்தானே டெஸ்ட் செய்கிறோம் என்று கத்தினேன். அம்மா பயந்துபோய், "ஏனுங்க, ஒறம்பரை வந்த எடத்துல சண்ட போடாதீங்க" என்று எங்கள் இருவரையும் விருந்தாளிகளாக நினைத்துச் சமாதானம் செய்தாள்.

லோகுவிடம் எதுவும் சொல்லக் கூடாதென்று பேசி வைத்திருக்கிறோம். ஜாதகம் வெளியே போயிருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

சாம்பாரில் இரண்டு தடவை உப்பு.

செப்டம்பர் 23, செவ்வாய்

இப்போதெல்லாம் என்னை நானே வேவு பார்க்கிறேன். போனை எங்கே வைத்தேன்? ஆரம்பம். பக்கத்து வீட்டுப் பங்காரம்மாவின் மருமகள் பெயர் என்ன? பூ… பூஜிதா. சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தது? ஆரம்பம். முதல் ஷெட்டுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நின்றேன். காலி ஷெட், எதற்கு வந்திருப்பேன்? ஒன்றுக்கும் இல்லை. வேலையே இல்லாத இடத்துக்குப் பழக்கத்தில் போயிருக்கிறேன், அது தெரியாமல் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

இவர் இன்று செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பல்லடம் வரை போய் வந்திருக்கிறார், ஒன்று நீலம், ஒன்று கறுப்பு. அதை ஒருத்தரும் ஆரம்பம் என்று சொல்வதில்லை. அவர் பாட்டுக்குச் சிரிக்கிறார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பலகாரத்தோடு ரகளையும்.

லோகு காலையிலேயே ஷெட் பக்கம் போயிருக்கிறாள். தரை கழுவவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை, தண்ணீர் ஓடிக் காற்றைக் குளிர்விக்கிற கூலிங் பேடில் சிலந்தி வலை. "கார்த்திகைல குஞ்சு எறங்குதுன்னீங்க? என்னம்மா நடக்குது?" இவர் மத்தாப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நழுவிவிட்டார். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும், உனக்கும் கொடுத்திருப்பேனோ கண்ணு என்று அழுதுவிட்டேன்.

அவள் அழவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள், அசல் அம்மா மாதிரி. "சரி. அந்தப் பெட்டில அம்மாயி ரத்தம் இருக்குதுன்னீங்களே. அது என்னம்மா சொல்லுச்சு?"

தெரியாது. கேட்கவில்லை. எனக்கு வந்ததைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவின் குழாய் ஞாபகமே இல்லை.

அக்டோபர் 29, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

லோகு லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். ரம்ஷா கம்ப்யூட்டரைத் திறந்தாள். அம்மாவின் முடிவு போன வாரம்தான் வந்ததாம், எனக்குப் போன் செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாளாம். நான் அம்மாவின் பொறுப்பாளர் என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், சொல்லுங்கள் என்றேன்.

"அன்னிக்கே அதிகமுங்க. உங்களுதை விடவே ஜாஸ்தி."

எனக்கு முதலில் உறைக்கவில்லை. ஆமாம், அதனால்தான் நோய் வந்தது, இதில் என்ன என்றுதான் நினைத்தேன். லோகுதான் கேட்டாள், "அன்னிக்குன்னா?"

"2010 ஆகஸ்ட்டுங்க."

இரண்டாயிரத்துப் பத்து!

அங்கேயே அந்த நாற்காலியிலேயே விம்மி அழுதுவிட்டேன். ரம்ஷா பயந்து தண்ணீர் கொடுத்தாள். வருத்தத்தில் இல்லை அம்மணி, வருத்தத்தில் இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் புரிந்திருக்காது. அவளுக்கு அது ஓர் எண். 2010க்குப் பிறகு எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறு வருஷம் லோகு வயசுக்கு வந்த சீர். அம்மாதான் முன்னின்றாள். எந்த வீட்டுக்கு முதலில் பாக்கு வைப்பது, எந்தப் பங்காளி எவரோடு பேசுவதில்லை, யாரை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட எழுதிக்கொள்ளவில்லை. ஒரு மனத்தாங்கல் வரவில்லை. அப்போதே அந்த ரத்தம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அறுபத்துமூன்று வயதில் டி.வி.எஸ். ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாளே வேப்பமரத்தில் மோதி விழுந்து, முழங்கையில் ரத்தம் வழிய எழுந்து, "மரத்தை எவன் இங்க வெச்சான்?" என்று திட்டிவிட்டு மறுபடி ஏறி உட்கார்ந்தாள். வழிந்ததே, அதே ரத்தம்தான்.

அப்புறம் அந்த வறட்சி வருஷம். ஊரே ஷெட்டை இழுத்து மூடிக்கொண்டிருந்தபோது இரண்டாம் ஷெட் கட்டினாள். கூலிங் பேட், பெரிய ஃபேன், எல்லாம் வைத்து. இந்தப் பக்கத்தில் யாரும் அப்போது அதைப் பார்த்ததில்லை, முதல் ஷெட்டுக்கும் பிற்பாடு அதையே வைத்தாள். கிழவிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று எங்கள் பங்காளிகள் வாய் கூசாமல் சொன்னார்கள். இன்று நாங்கள் சாப்பிடுகிற சோறு அந்த ஷெட்டிலிருந்து வருகிறது. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது மூன்று மாசம் என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடாமல், வீட்டையும் பண்ணையையும் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். முதல் முதலாகத் தடுமாறியது 2020இல். ஒரே காலையில் மூன்று தடவை குஞ்சுக்கு மருந்து கலந்துவிட்டாள்.

நடுவில் கிடந்தது பத்து வருஷம். அவளுடைய ஆயுசிலேயே ஜோரான பத்து வருஷம். அத்தனையும் ரத்தம் கட்டி கட்டியான பிறகு.

2010இல் இந்த டெஸ்ட் இருந்து, யாராவது தட்டை ஆட்டிப் பார்த்திருந்தால்? நானே பார்த்திருந்தால்? அம்மா, நீங்கள் ஓய்வாக உட்காருங்கள் என்று சொல்லி வளையத்தை மாட்டியிருப்பேன். இரண்டாம் ஷெட் இல்லை, டி.வி.எஸ். இல்லை.

இதையெல்லாம் ரம்ஷாவிடம் கொட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் இத்தனை நாளா இந்த எண்ணுக்கும் நோய்க்கும் நடுவுல கோடு மட்டும்தானுங்க போட்டுக்கிட்டிருந்தேன். அந்தக் கோட்டு மேல ஆளு இப்படி வண்டி ஓட்டிக்கிட்டுப் போயிருப்பாங்கன்னு நெனைக்கலீங்க." பிறகு டாக்டராகவும் சொன்னாள், அம்மாவுக்குப் பத்து வருஷம் கிடைத்தது என்பதால் எனக்கும் அதே அளவு என்று இல்லை, கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம், வராமலே போகவும் செய்யலாம். தெரியும். எனக்கு வேண்டியது உத்தரவாதம் இல்லையே.

லோகு தானும் ரத்தம் கொடுத்தாள், வயது போதாவிட்டாலும் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று ரம்ஷா எடுத்துக்கொண்டாள். முடிவைச் சொல்லவா என்று கேட்டதற்கு, "இப்ப வேண்டாங்க. வேணும்னு தோணறப்ப வாரேன்" என்றாள். எவ்வளவு லேசாகச் சொன்னாள்! அந்தச் சாதுரியம் எனக்கு இல்லாமல் போனதே.

அக்டோபர் 30, வியாழன்

எனக்கு வளையம் மாட்டியது யார்? ரம்ஷா மாட்டவில்லை. மெஷினும் மாட்டவில்லை. கோழிக்காரி புத்தி, நானே காலை நீட்டி நானே மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் 3, திங்கள்

லட்சுமிநாராயணனுக்குப் போன் செய்தேன். "கார்த்திகைக் குஞ்சை வேற பண்ணைக்குக் குடுத்துப்போட்டமுங்களே" என்று இழுத்தார். மாசியில் ஒரு கூட்டம் தரலாமாம். சரி என்றேன். "அப்ப ஓய்வுங்கம்மா?" என்றார். எடுத்தாயிற்று, சலித்துவிட்டது என்றேன்.

இவரிடம் சொன்னதும் எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் முதல் ஷெட்டில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம். போய்ப் பார்த்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருக்கிறார். தறிக்காரர், அவருக்குக் கோழி நாற்றமே ஆகாது.

டிசம்பர் 8, திங்கள்

காதுக்கு மெஷின் வைத்தாயிற்று. இவர் தூங்கும்போது விடும் குறட்டை இத்தனை சத்தமா? இது தெரியாமலே முப்பது வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

டிசம்பர் 19, வெள்ளி

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. தினமும் விடிந்ததும் வாய்க்கால் வரை நடக்கிறேன். தடுப்பூசி, விளக்கு, தீனி எல்லாவற்றையும் லோகு போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாள், நாள் வந்தால் அதுவே கத்துகிறது. அவளும் அதே நாட்களைத் தன் போனிலும் வைத்திருக்கிறாள் என்று இன்று தற்செயலாகத் தெரிந்தது. நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜனவரி 16, 2026, வெள்ளி

மாட்டுப் பொங்கல். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. ஊட்டினால் வாயை மூடிக்கொள்கிறாள். குஞ்சு வரும் வரையாவது இரும்மா.

பிப்ரவரி 11, புதன்

ரம்ஷா வந்திருந்தாள். பண்ணையைப் பார்க்க வேண்டுமென்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊதா மருந்தையும் தட்டையும் காட்டினேன். வீட்டுப் பக்கம் மேய்கிற இரண்டு நாட்டுக்கோழிகளில் ஒன்றைப் பிடித்துக் குத்தி, கலந்து, ஆட்டிக் காட்டியதும் குழந்தை மாதிரி குனிந்து பார்த்தாள். "ஒரே ஒரு சொட்டுல! கரண்டு வேண்டாம், மெஷின் வேண்டாம்" என்று வாயைப் பிளந்தாள். நான் அவளுடைய வெண்புகைப் பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தது போலவே.

எனக்கும் மறுபடி ரத்தம் எடுத்தாள். இது பெட்டிக்கு, இப்போதைக்கு எண் சொல்ல அல்ல. நானும் கேட்கவில்லை. "அம்மாவோட தட்டுலயே எடம் இருக்குதுங்க, பக்கத்துலயே வெச்சுடறேன்" என்றாள். எனக்குப் பின்னால், எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தி அந்தக் குழாயைத் தூக்கிப் பார்ப்பாள். அவள் என்னென்ன எண் படித்தாலும் படிக்கட்டும். அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்றும் யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 18, புதன்

குஞ்சு இறங்கியது.

வண்டி விடியும்போதே வந்துவிட்டது. முதல் ஷெட்டில் உமி பரப்பி, கணகணப்பு ஏற்றி, வெல்லத் தண்ணீர் வைத்துத் தயாராக இருந்தோம். லோகுவும் வந்திருந்தாள், இவரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். பெட்டியைத் திறந்ததும் அந்த மஞ்சள், அந்தக் கீச்சு. காது மெஷின் வழியாக இப்போதுதான் முதல்முறை முழுசாகக் கேட்கிறேன், இத்தனை வருஷமாகப் பாதிச் சத்தம்தான் கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பண்ணையில் முதல் குஞ்சுக்கு அம்மாதான் தண்ணீர் காட்டுவாள். கைத்தாங்கலாகக் கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தோம். உடம்பு பாதியாகிவிட்டது. கையில் குஞ்சை வைத்ததும் விரல்கள் தாமாகக் குவிந்தன. அதன் மூக்கை மெதுவாக வெல்லத் தண்ணீரில் முக்கினாள். குஞ்சு தலையைத் தூக்கி விழுங்கியது. "தண்ணி மொதல்ல. தீனி அப்பறம்" என்றாள், யாரிடமோ.

பிறகு ஷெட்டை மேலும் கீழும் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள், கூலிங் பேடைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க அம்மணி, பண்ணை யாருதுங்க?"

எப்போதும் உங்களுதுதாங்க என்றுதான் சொல்லுவேன். போன மாசம்கூட அப்படித்தான் சொன்னேன்.

"என்னுதுங்க" என்றேன்.

"நீங்களேவா பாக்கறீங்க?"

"ஆமாங்க."

"எத்தன நாளைக்குப் பாப்பீங்க?"

"பாக்க முடியற வரைக்கும் பாப்பனுங்க."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். அந்தக் குஞ்சை உமியில் விட்டுவிட்டு, அடுத்ததுக்குக் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.